கடை நம்முடையது, சாவி யாரிடம்?

தீபாவளிக்கு இன்னும் 16 நாள். 2023 அக்டோபர் 27, வெள்ளிக்கிழமை இரவு பத்தரை மணி இருக்கும். லுக்குட்டிலிருந்து அக்கா அழைத்தார்.

“தம்பி, கடை திறக்க மாட்டேங்குது.”

அக்காவுக்குத் தெருவில் கடை கிடையாது. வீட்டுச் சமையலறைதான் பட்டறை. கைப்பேசியில் திறக்கும் இணையத்தளம்தான் கடை. முறுக்கு, அச்சு முறுக்கு, அதிரசம், நெய் உருண்டை என நான்கைந்து பலகாரங்கள். தீபாவளி வந்தால் பரிசுப் பெட்டி. செப்பாங் பக்கமிருந்து போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போகிறவர்கள் லுக்குட்டில் வண்டியை மெதுவாக்கக்கூட மாட்டார்கள். ஆனால் அந்த ஊரின் ஒரு தாமான் வீட்டில் சுட்ட முறுக்கு பினாங்குக்கும் ஜொகூருக்கும் போய்க்கொண்டிருந்தது என்றால் அதற்குக் காரணம் அந்த இணையத்தளம்தான்.

அன்று மாலை யாரோ ஒரு வாடிக்கையாளர் அச்சு முறுக்குப் பெட்டியைத் திறந்து டிக்டாக்கில் ஒரு காணொளி போட்டிருக்கிறார். அது பரவிவிட்டது. ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் கடைக்குள் நுழைய, கடை படுத்துவிட்டது. திரையில் ‘508’ என்ற எண்ணும், ஒதுக்கப்பட்ட வளம் தீர்ந்துவிட்டது என்ற அறிவிப்பும் மட்டும். கூட்டம் கலைந்ததும் தளம் எழுந்துவிடும் என்று காத்திருந்தோம். மறுநாள் காலை, அளவுக்கு மேல் வளத்தை எடுத்துக்கொண்டதால் கணக்கே நிறுத்தி வைக்கப்பட்டிருப்பது தெரிந்தது.

அதைவிடப் பெரிய சிக்கல் அடுத்து வந்தது. அந்த வாரம் பணம் கட்டி முடித்த 43 பேரின் முகவரியும், யாருக்கு என்ன வேண்டும் என்ற பட்டியலும் அந்தத் தளத்துக்குள் இருந்தன. வெளியே வேறெங்கும் இல்லை. தளத்தைச் செய்து கொடுத்த பையன் சிங்கப்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். பழைய எண்ணில் பதில் இல்லை. ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு எழுதினோம். கணக்கு அக்காவின் பெயரில் இல்லை, அந்தப் பையனின் பெயரில் இருக்கிறது. பதிவு செய்தவரிடம் மட்டுமே பேச முடியும் என்று பதில் வந்தது. விதிப்படி அவர்கள் சொன்னது சரிதான். டொமைன் என்கிற இணைய முகவரியும் அவன் மின்னஞ்சலில்தான் பதிவாகியிருந்தது.

கடைக்குப் பெயர் வைத்தவர் அக்கா. ஆண்டுதோறும் பணம் கட்டியவர் அக்கா. சாவி மட்டும் வேறொருவரிடம்.

இதில் என் பங்கும் உண்டு. நான் கணினித் துறையில் வேலை செய்கிறவன். 2022இல் தளம் தொடங்கும்போது அக்கா முதலில் என்னிடம்தான் கேட்டார். “நேரமில்லைக்கா, தெரிந்த பையன் ஒருவன் இருக்கிறான், மலிவாகச் செய்து தருவான்” என்று கைகழுவிவிட்டேன். அந்த இரண்டு நிமிட அலட்சியத்துக்குத்தான் ஒரு தீபாவளியை விலையாகக் கொடுக்கப் பார்த்தோம். வீட்டிலிருந்து இணைய வணிகம் தொடங்கும் குடும்பங்கள் இப்போது நிறைய. அவர்களில் யாரும் இந்தப் பாடத்தைப் பணம் கொடுத்துப் படிக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தோட்டத்து வீடு சொன்ன பாடம்

எங்கள் பெற்றோர் லுக்குட் வட்டாரத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தோம். வாசலில் முருங்கை, பின்னால் கறிவேப்பிலை, ஆண்டுக்கொரு முறை சுண்ணாம்பு எல்லாம் நம் கையால்தான். ஆனால் வீடு கம்பெனியுடையது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது.

1950களின் பின்பகுதியிலும் 60களிலும் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, தலைமுறையாக வாழ்ந்தவர்கள் மூட்டையோடு வெளியேற நேர்ந்தது. அதைக் கண்டுதான் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. வாழும் இடத்தின் மீது நமக்கு உரிமை வேண்டும் என்பதுதான் அதன் உள்ளே இருந்த எண்ணம்.

இணையத்திலும் நாம் வாடகைக் குடித்தனக்காரர்கள்தான். சர்வர் என்பது இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணினி. நம் தளத்தின் படங்களும் விலைப் பட்டியலும் வாடிக்கையாளர் விவரமும் அதில் இருக்கும். யார் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கும். அந்தக் கணினியில் நமக்கு இடம் வாடகைக்குத் தருவதே ஹோஸ்டிங். சொந்தமாகச் சர்வர் வாங்கி வீட்டில் வைப்பது சிறு வணிகத்துக்குக் கட்டுப்படியாகாது. வாடகைதான் ஒரே வழி. அதில் தவறில்லை. எந்த நாளில் வேண்டுமானாலும் மூட்டை கட்டிக்கொண்டு வேறு வீட்டுக்குப் போக முடிகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில், தளம் வேண்டுமா?

ஹோஸ்டிங் நிறுவனம் எதுவும் இதை உங்களிடம் கேட்காது. ஆகவே நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

வாரத்துக்கு ஐந்தாறு ஆர்டர், அதுவும் தெரிந்தவர்களிடமிருந்து என்றால் புலனமும் டூயிட்நவ் கியூஆர் குறியீடும் போதும். இன்னும் கொஞ்சம் பெரிதானால் ஷாப்பி, லஸாடா, டிக்டாக் ஷாப் போன்ற சந்தைகள் இருக்கின்றன. கூட்டம் அங்கே ஏற்கெனவே நிற்கிறது. நாம் போய்க் கடை விரித்தால் போதும். பாசார் மாலாம் மாதிரி. ஆனால் ஒவ்வொரு விற்பனையிலும் தரகுப் பணம் போகும். வாங்கியவரின் முழு விவரமும் பெரும்பாலும் சந்தையிடமே இருக்கும். விதி மாறினால் நாமும் மாற வேண்டியதுதான்.

அடுத்தது, தயார்நிலைக் கடைகள். கனடாவின் ஷாப்பிஃபை, நம் நாட்டு ஈஸிஸ்டோர் போன்றவை மாத வாடகைக்கு முழுக் கடையையும் தந்துவிடும். சர்வர், பாதுகாப்பு, புதுப்பிப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. கணினி அறிந்தவர் வீட்டில் யாரும் இல்லையென்றால் இது நல்ல வழி. வாடகை கொஞ்சம் கூடுதல். விரும்பியபடி எல்லாவற்றையும் மாற்றி அமைக்க முடியாது. வேறு இடத்துக்கு மாறும்போது பொருள் பட்டியலையும் வாடிக்கையாளர் பட்டியலையும் எடுத்துக்கொள்ளலாம், கடையின் வடிவமைப்பை எடுத்துப் போக முடியாது.

மூன்றாவது வழி, சொந்தத் தளம். வேர்ட்பிரஸ் என்ற இலவச மென்பொருளும், அதன்மேல் கடை நடத்த 2011இல் வந்த வூகாமர்ஸும் இதற்குப் பெயர்போனவை. உலக இணையத்தளங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் வேர்ட்பிரஸில்தான் ஓடுகின்றன. இந்த வழியில் போகிறவர்களுக்குத்தான் சர்வர் தேர்வு என்ற கேள்வியே வருகிறது.

மூன்று வகைக் குடித்தனம்

பகிர்வு ஹோஸ்டிங் என்பது லயம் மாதிரி. ஒரே கூரை, ஒரே தண்ணீர்க் குழாய். நூற்றுக்கணக்கான தளங்கள் ஒரே சர்வரில். ஆண்டுக்கு நூறு, இருநூறு வெள்ளியிலேயே கிடைக்கும். சிறு கடைக்குத் தொடக்கத்தில் இது தாராளமாகப் போதும். பக்கத்து வீட்டில் கூட்டம் கூடினால் நம் வீட்டுக் குழாயில் தண்ணீர் குறையாமலிருக்க, ஒவ்வொரு தளத்துக்கும் ஓர் அளவு வைத்திருப்பார்கள். அந்த அளவைத் தாண்டியதால்தான் அக்காவின் திரையில் ‘508’ வந்தது.

விபிஎஸ் என்பது தாமானில் ஒரு டெரஸ் வீட்டை வாடகைக்கு எடுப்பது. ஒரே சர்வரை மென்பொருளால் பிரித்து, நமக்கென்று இவ்வளவு நினைவகம், இவ்வளவு செயலி என்று ஒதுக்கிவிடுவார்கள். 1 ஜிபி நினைவகம் கொண்ட சிறிய விபிஎஸ் மாதம் ஐந்தாறு அமெரிக்க டாலருக்குக்கூடக் கிடைக்கிறது. விலையைப் பார்த்ததும் ஆசை வரும். ஆனால் அது வெறும் வீடு. பூட்டு மாட்டுவது, விளக்குப் போடுவது, ஓட்டை அடைப்பது எல்லாம் நம் வேலை. பாதுகாப்புப் புதுப்பிப்பை மூன்று மாதம் மறந்தால் திருடன் உள்ளே வந்திருப்பான். இந்தத் துறையிலேயே இருக்கும் நான்கூட அக்காவுக்கு விபிஎஸ் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவர் அதிரசப் பாகு காய்ச்சுவாரா, சர்வரைப் பார்த்துக்கொண்டிருப்பாரா?

இரண்டுக்கும் நடுவே, பராமரிப்புடன் கூடிய ஹோஸ்டிங் இருக்கிறது. ஒதுக்கப்பட்ட வளமும் உண்டு. புதுப்பிப்பு, காப்புப் பிரதி, பாதுகாப்பை நிறுவனமே பார்த்துக்கொள்ளும். பகிர்வு ஹோஸ்டிங்கைவிட விலை பலமடங்கு இருக்கும். இணையக் கடையே குடும்பத்தின் முக்கிய வருமானம் என்றால் இந்த வகைதான் நிம்மதி. அக்கா இப்போது இருப்பது இதில்தான்.

லினக்ஸா, விண்டோஸா?

“எங்கள் மடிக்கணினியில் விண்டோஸ்தானே இருக்கிறது, சர்வரும் விண்டோஸ் எடுத்தால்தானே ஒத்துப்போகும்?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். இது பலருக்கும் உள்ள குழப்பம். இரண்டுக்கும் தொடர்பே இல்லை. உங்கள் வாடிக்கையாளர் ஆண்ட்ராய்டில் பார்க்கலாம், நீங்கள் விண்டோஸிலிருந்து பொருள் சேர்க்கலாம்; நடுவில் இருக்கும் சர்வர் எதில் ஓடினாலும் உலாவிக்குக் கவலையில்லை.

உங்கள் கடை எந்த மென்பொருளில் கட்டப்பட்டது என்பதே தீர்மானிக்கும். வேர்ட்பிரஸும் வூகாமர்ஸும் பிஎச்பி என்ற மொழியில் எழுதப்பட்டவை. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் விவரங்களைச் சேமிப்பவை. இவற்றின் இயல்பான வீடு லினக்ஸ். ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கி வைத்த லினக்ஸுக்கு உரிமக் கட்டணம் இல்லை. அதனால் வாடகையும் குறைவு. விண்டோஸ் சர்வருக்கு உரிமக் கட்டணம் உண்டு; அது உங்கள் வாடகையில்தான் சேரும். மைக்ரோசாஃப்ட்டின் ஏஎஸ்பி டாட் நெட்டில் எழுதிய மென்பொருள், அல்லது அவர்களுடைய எஸ்க்யூஎல் சர்வரோடு இணைய வேண்டிய கணக்கு மென்பொருள் வைத்திருந்தால் விண்டோஸ் எடுங்கள். மற்றவர்களுக்கு லினக்ஸ் போதும்.

விளம்பரங்களில் அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் என்ற பெயர்களும் வரும். பக்கங்களை எடுத்துப் பரிமாறும் மென்பொருள்கள் இவை. 1995இல் வந்த அப்பாச்சியின் பழைய முறை, ஒவ்வொரு மேசைக்கும் ஒரு பணியாளர் நிற்பது போல. 2004இல் வெளியான என்ஜின்எக்ஸ், மாமாக் கடையில் ஒரே பணியாளர் பத்து மேசையின் ஆர்டரையும் சுற்றிச் சுற்றி எடுப்பது போல. கூட்டம் கூடும்போது இரண்டாவது முறை நினைவகத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கும். ஆயினும் சிறு கடைக்கு இது தலைபோகிற விஷயமில்லை. நிறுவனம் எது வைத்திருந்தாலும் சரி.

சிபேனல் என்பது நம் தளத்தை நாமே நிர்வகிக்க உதவும் கட்டுப்பாட்டுப் பலகை. 2019இல் அதன் கட்டண முறை கணக்கு எண்ணிக்கையை ஒட்டி மாறியதும் பல ஹோஸ்டிங் நிறுவனங்கள் விலையை ஏற்றின. சில, டைரக்ட்அட்மின் போன்ற மாற்றுக்குப் போயின. எந்தப் பலகை என்பதைவிட, அதன் கடவுச்சொல் உங்களிடம் இருக்கிறதா என்பது முக்கியம்.

சர்வர் எந்த ஊரில்?

மலிவான ஹோஸ்டிங் பலவற்றின் சர்வர் அமெரிக்காவில் இருக்கும். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். கேட்க வேகமாகத்தான் தெரியும். ஆனால் அமெரிக்க மேற்குக் கரை இங்கிருந்து ஏறக்குறைய 14,000 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஒருமுறை போய்வர ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகிவிடும். ஒரு பக்கம் திறக்க இப்படிப் பல முறை போய்வர வேண்டும். சிங்கப்பூரோ லுக்குட்டிலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர். சைபர்ஜெயா அதைவிடப் பக்கம்.

வாடிக்கையாளர் மலேசியாவில் என்றால் சர்வரும் மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பதே நல்லது. இப்போது தேர்வுக்கும் பஞ்சமில்லை. பினாங்கில் 2001இல் தொடங்கிய எக்ஸாபைட்ஸ் போன்ற உள்நாட்டு நிறுவனங்கள் இருக்கின்றன. அமேசானின் ஏடபிள்யூஎஸ் 2024 ஆகஸ்டில் மலேசியாவிலேயே தன் தரவு மையப் பிராந்தியத்தைத் திறந்தது.

இதோடு ஒரு சின்ன வேலையையும் செய்யுங்கள். கைப்பேசியில் எடுத்த முறுக்குப் படம் நான்கைந்து எம்பி இருக்கும். அதை 200 கேபிக்குச் சுருக்கி ஏற்றுங்கள். ‘தளம் மெதுவாக இருக்கிறது’ என்று சர்வரைத் திட்டும் பலருக்கு உண்மையில் படங்கள்தான் பாரம்.

‘அளவற்ற’ என்ற சொல்

‘அளவற்ற சேமிப்பு, அளவற்ற போக்குவரத்து’ என்று விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும். அளவில்லாத வட்டு உலகில் எங்கும் இல்லை. சிறிய எழுத்தில் போய்ப் பாருங்கள்: செயலி எவ்வளவு, நினைவகம் எவ்வளவு, ஒரே நேரத்தில் எத்தனை கோரிக்கை, மொத்தம் எத்தனை கோப்பு என்று நான்கு வேலிகள் இருக்கும். கடை படுப்பது இந்த வேலிகளில் முட்டித்தான்.

இணையக் கடைக்கு இதில் கூடுதல் சிரமம் உண்டு. செய்திப் பக்கம் போன்றதை ஒருமுறை தயாரித்து வைத்துக்கொண்டு எல்லோருக்கும் அதையே கொடுக்கலாம். கூடையும் பணம் கட்டும் பக்கமும் அப்படியல்ல. ஒவ்வொருவருக்கும் புதிதாகத் தயாரிக்க வேண்டும். ஆகவே ஆண்டு முழுக்கத் தூங்கும் தளம் தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரத்தில் மூச்சுத் திணறும். “எனக்கு அக்டோபர், நவம்பரில் மட்டும் பெரிய தொகுப்பு வேண்டும், ஏற்றவும் இறக்கவும் முடியுமா? எத்தனை மணி நேரத்தில்?” என்று வாங்கும் முன்பே கேளுங்கள்.

விலையிலும் ஒரு கண் வேண்டும். பெரிய எழுத்தில் தெரிவது முதலாண்டு விலை. இரண்டாம் ஆண்டு புதுப்பிப்பு விலை எவ்வளவு என்று கேட்டு, அதை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

தீ பிடித்த இரவு

2021 மார்ச் 10. ஐரோப்பாவின் பெரிய ஹோஸ்டிங் நிறுவனங்களில் ஒன்றான ஓவிஎச் கிளவுடின் தரவு மையம் பிரான்சின் ஸ்திராஸ்பூர்க் நகரில் தீப்பிடித்தது. ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று முற்றாக எரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் இலட்சக்கணக்கான தளங்கள் இணையத்திலிருந்து மறைந்தன. வேறு இடத்தில் பிரதி வைத்திருந்தவர்கள் மீண்டார்கள். காப்புப் பிரதியும் அதே வளாகத்தில் இருந்தவர்களில் சிலருக்கு எதுவுமே மிஞ்சவில்லை.

பெரிய நிறுவனம் என்பதால் எல்லாம் பத்திரம் என்று நினைப்பவர்களுக்கு இது நினைவில் இருக்கட்டும். ‘தினமும் காப்புப் பிரதி எடுக்கிறோம்’ என்று நிறுவனம் சொன்னால், எங்கே வைக்கிறீர்கள் என்று கேளுங்கள். கணினித் துறையில் ஓர் எளிய கணக்கு உண்டு: மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, அதில் ஒன்று வேறு இடத்தில். தளம் ஓடும் சர்வரில் ஒன்று, கூகள் டிரைவ் போன்ற மேகச் சேமிப்பில் ஒன்று, வீட்டு மடிக்கணினியில் ஒன்று. வூகாமர்ஸுக்கு இதைத் தானாகச் செய்யும் செருகுநிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

எடுத்து வைத்தால் மட்டும் போதாது. ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்தப் பிரதியிலிருந்து தளத்தை மீட்டுப் பாருங்கள். திறந்து பார்க்காத ஊறுகாய் ஜாடி கெட்டிருப்பது விருந்து நாளில்தான் தெரியும்.

தமிழும் சட்டமும்

பொருளின் பெயரைத் தமிழில் ஏற்றினால் திரையில் கேள்விக்குறிகளாக வருகிறதா? தரவுத்தளத்தின் எழுத்துக் குறியீடு பழைய முறையில் இருக்கிறது என்று பொருள். அதை ‘யுடிஎஃப்8எம்பி4’ என்று அமைக்கச் சொல்லுங்கள். தமிழும் சீனமும் படக்குறிகளும் ஒன்றாக வரும். கேரித்தீவில் பிறந்த முத்து நெடுமாறன் 1985இலேயே முரசு மென்பொருளால் கணினித் திரையில் தமிழை எழுத வைத்த நாடு இது. நம் கடையில் முறுக்கு கேள்விக்குறியாக நிற்கலாமா?

வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் நம்மிடம் வந்த நொடியே நமக்குப் பொறுப்பும் வந்துவிடுகிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது. அதில் செய்த திருத்தத்தின்படி, 2025 ஜூன் முதல் தரவுக் கசிவு நேர்ந்தால் ஆணையருக்குத் தெரிவிக்கும் கடமையும் சேர்ந்திருக்கிறது. வங்கி அட்டை எண்ணை ஒருபோதும் நம் சர்வரில் சேமிக்கக் கூடாது. எஃப்பிஎக்ஸ், அட்டைக் கட்டணம் எல்லாம் உரிமம் பெற்ற கட்டண வாயில் வழியே நடக்கட்டும்.

முகவரியின் முன்னால் பூட்டுக் குறியைத் தரும் எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனியாகப் பணம் கேட்டால் யோசியுங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு 2015 முதல் அதை இலவசமாகத் தருகிறது. நல்ல ஹோஸ்டிங் நிறுவனங்கள் தாமே பொருத்திவிடும். 2018 ஜூலை முதல், அது இல்லாத தளங்களைக் குரோம் உலாவி ‘பாதுகாப்பற்றது’ என்றே காட்டுகிறது. அதைப் பார்த்த பிறகு யார் பணம் கட்டுவார்?

பணம் கட்டும் முன்

இந்த ஏழு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி, ஹோஸ்டிங் நிறுவனத்திடமோ தளம் செய்து தருபவரிடமோ கேளுங்கள். பதிலைப் புலனத்திலோ மின்னஞ்சலிலோ எழுத்தில் வாங்குங்கள்.

1. டொமைன் என் பெயரிலும் என் மின்னஞ்சலிலும் பதிவாகுமா? டாட் காம் டாட் மை முகவரி என்றால் என் எஸ்எஸ்எம் பதிவைக் கொண்டு பதிவாகுமா?

2. ஹோஸ்டிங் கணக்கின் உரிமையாளர் யார்? தளம் செய்பவருக்குத் தனி நுழைவு கொடுத்து, பிறகு நீக்க முடியுமா?

3. சர்வர் எந்த நாட்டில், எந்த நகரில்?

4. செயலி, நினைவகம், ஒரே நேரக் கோரிக்கை அளவு என்ன? பண்டிகைக் காலத்தில் எவ்வளவு நேரத்தில் கூட்ட முடியும்?

5. காப்புப் பிரதி எத்தனை நாளுக்கு ஒருமுறை? எங்கே இருக்கும்? நானே இறக்கிக்கொள்ள முடியுமா?

6. இரண்டாம் ஆண்டு புதுப்பிப்பு விலை என்ன?

7. இரவு பத்தரை மணிக்குக் கடை படுத்தால் யாரை அழைப்பது?

ஏழாவது கேள்விக்கு வாங்கும் முன்பே ஒரு பரீட்சை வைக்கலாம். ஒரு சனிக்கிழமை இரவு ஏதாவது சந்தேகம் கேட்டு எழுதிப் பாருங்கள். பதில் எத்தனை மணிக்கு வருகிறது என்பது விளம்பரத்தைவிட உண்மை பேசும்.

ஏற்கெனவே தளம் வைத்திருப்பவர்கள் முதலிரண்டு கேள்விகளை இந்த வாரமே சரிபாருங்கள். வேறொருவர் பெயரில் இருந்தால், உறவு நன்றாக இருக்கும்போதே மாற்றிக்கொள்ளுங்கள். டாட் காம் முகவரியைப் புதிதாகப் பதிந்தாலும், ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினாலும், அதன்பின் பொதுவாக 60 நாளுக்கு மீண்டும் மாற்ற விடமாட்டார்கள். பண்டிகை நெருக்கத்தில் கைவைக்கிற வேலை அல்ல அது.

555 புத்தகம்

அந்த 43 பேர் என்ன ஆனார்கள் என்று சொல்லாமல் முடித்தால் வாசகர்கள் என்னை விடமாட்டீர்கள்.

கட்டண வாயில் கணக்கு மட்டும் அக்காவின் பெயரில் இருந்தது. வங்கிக் கணக்கும் அடையாள அட்டையும் கேட்பார்கள் என்பதால் அந்தப் பையனால் அதைத் தன் பெயரில் தொடங்க முடியவில்லை. அதில் பணம் கட்டியவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் தொகையும் இருந்தன. நானும் அக்காவும் இரண்டு இரவு உட்கார்ந்து ஒவ்வொருவராக அழைத்தோம். “வணக்கம், லுக்குட் முறுக்குக் கடையிலிருந்து பேசுகிறோம். நீங்கள் என்ன கேட்டிருந்தீர்கள் என்று கொஞ்சம் சொல்ல முடியுமா?” சிலர் மோசடிக்காரர்கள் என்று நினைத்து வைத்துவிட்டார்கள். அவர்களுக்குக் காணொளி அழைப்பில் அடுப்பையும் அச்சையும் காட்டினோம். 39 பேருக்குப் பெட்டி போய்ச் சேர்ந்தது. கிடைக்காத நால்வருக்குப் பணத்தைத் திருப்பி அனுப்பினோம். ஒன்பதாம் நாள் அந்தப் பையன் பதில் எழுதினான். பழைய எண்ணை எப்போதோ விட்டுவிட்டானாம். மன்னிப்புக் கேட்டு எல்லாக் கடவுச்சொற்களையும் ஒப்படைத்தான். அவன் கெட்டவன் இல்லை. நாங்கள்தான் சாவியைக் கேட்டு வாங்கவில்லை.

இணையத்துக்கு வருமுன் அக்கா எல்லா ஆர்டரையும் 555 நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பார். தோட்டத்துக் கடையில் அம்மா கடன் கணக்கு எழுதிய அதே சின்னப் புத்தகம். தளம் வந்ததும், “இனி இது எதுக்குக்கா?” என்று சிரித்து அதை மூட வைத்தவனும் நான்தான்.

இப்போது டொமைன் அக்காவின் பெயரில். சர்வர் சைபர்ஜெயாவில். காப்புப் பிரதி ஒவ்வொரு ஞாயிறும் அவருடைய மடிக்கணினிக்கு வருகிறது. அதோடு, ஒவ்வோர் இரவும் அடுப்பை அணைத்துவிட்டு, அன்று வந்த ஆர்டர்களை அக்கா ஒரு 555 புத்தகத்தில் எழுதுகிறார்.

இந்த முறை நான் சிரிக்கவில்லை.